எங்கள் வீட்டுக் கடிகார மசோதா

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடியது. பழுது இல்லை. ரயிலைத் தவறவிடக் கூடாது என்று அப்பா கல்யாணமான புதிதில் அப்படித் திருப்பி வைத்தார். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீடுகளிலும் கடிகாரம் முந்தித்தான் ஓடியது. ஒரே ஒரு சிக்கல், அது முந்தி ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் மனதுக்குள் கழித்துக்கொண்டார்கள். அப்பா பத்து நிமிடம் கழிப்பார். சித்தப்பா பதினைந்து கழிப்பார். கேட்டால், தன் அனுபவத்தில் பதினைந்துதான் என்பார்.

அந்த ஐந்து நிமிட வித்தியாசத்தில்தான் ஆறாம் வகுப்பில் என் மானம் போயிற்று. மாமல்லபுரத்தில் பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. தொடர் ஓட்டத்தில் நான் மூன்றாவது ஆள். காலை ஆறரைக்குப் பள்ளி வாசலிலிருந்து வேன் கிளம்பும். சித்தப்பா பதினைந்து நிமிடத்தைக் கழித்துவிட்டு நிதானமாக டீ குடித்தார். மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. துரத்தினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பெட்ரோல் தீர்ந்தது. மைதானத்துக்குப் போனபோது ஓட்டம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு ஓட வேண்டிய மூன்று பெண்களும் தீபாவளி வரை என்னிடம் பேசவில்லை.

மறு வருடம் மறுபடியும் எங்கள் நால்வரையே சேர்த்தார்கள். விளையாட்டு ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வாட்டியும் லேட்டா வந்தேன்னு வெச்சிக்கோ, வாசல்லயே பேரை அடிச்சிடுவேன். வேற பொண்ணு ரெடியா கீது" என்றார். போட்டிக்குப் பத்தொன்பது நாட்கள் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து மாமாவின் கேசட் வந்தது. மாமா என்றால் அத்தையின் கணவர், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக்காரர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஊருக்கு வருகிற யார் கையிலாவது ஒரு கேசட் கொடுத்தனுப்புவார்கள். முதல் ஐந்து நிமிடம் அத்தை எங்கள் எல்லோருடைய உடம்பையும் விசாரிப்பார். மீதி இரண்டு பக்கமும் மாமாதான். தான் வசிக்கும் மாநிலத்தின் அரசியலைப் பற்றி அவருக்கு எப்போதும் ஒரு கருத்து இருந்தது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட் போட வேண்டுமா, பள்ளிக்கூடத்துக்காக வீட்டு வரியை ஏற்றலாமா, எதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவார். அவருக்கு அங்கே ஓட்டு கிடையாது. அது அவர் பேச்சுக்கு ஒரு தடையாகவும் இருந்ததில்லை.

இந்த முறை கடிகாரம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் கோடை தொடங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்களாம். குளிர்காலம் வந்ததும் பின்னே இழுத்துவிடுவார்களாம். மாமாவின் மாநிலம் இதில் சேரவில்லை. பக்கத்து மாநிலத்துக்குப் போன் செய்வதென்றால் அரை வருடம் ஒரு மணி, அரை வருடம் வேறு மணி. நாமும் தள்ளலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி, சட்டசபையில் மசோதா. கடைக்காரர்களுக்குச் சாயங்கால வெளிச்சம் வேண்டும். விவசாயிகளுக்கும், பள்ளி பஸ்ஸுக்காக இருட்டில் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வேண்டாம்.

"இன்னா மச்சான், கேட்டுகினு கீறியா?" என்று ஆரம்பித்தார் மாமா. "மணிய நீ தள்ளலாம், மாட்டு மடிய தள்ள முடியுமா? அது பால் கறக்கற நேரத்துக்குத்தான் கத்தும். இவனுங்களுக்கு அது புரியல. என்னக் கேட்டா மணி மேல கையே வெக்கக் கூடாது."

எங்கள் வீடு அன்று இரண்டாகப் பிரிந்தது. அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். மணி என்ன என்று சொல்லும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு என்பது அவர் கட்சி. சித்தப்பா மாமாவின் கட்சி, அதாவது மாட்டின் கட்சி. கண்ணால் பார்த்திராத ஒரு மாநிலத்தின் சட்டசபைக்காக இருவரும் சாப்பாட்டுத் தட்டு காயும்வரை வாதாடினார்கள். அவர்கள் தலைக்கு மேலே எங்கள் கடிகாரம் பத்து நிமிடப் பொய்யை நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மறுநாள் முழு வெள்ளைத் தாளில் ஓரம் விட்டு எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். "நம் வீட்டுக் கடிகாரம் இனி வானொலி நேரத்தோடு ஒத்து ஓட வேண்டும்." அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அவருக்கு விஷயம் பிடிக்கவில்லை. ஆனால் மனு எழுதப்பட்ட முறை பிடித்திருந்தது. முறையாக வந்த தாளை நிராகரிக்க அவரால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரகசிய வாக்கெடுப்பு, காலி பிஸ்கட் டின் ஓட்டுப் பெட்டி, சமமாக வந்தால் இப்போதுள்ள நிலையே தொடரும் என்று அந்தத் தாளின் அடியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டி அதற்கடுத்த புதன்கிழமை.

வீட்டில் ஐந்து பேர். அப்பா எதிர்ப்பு என்பது தெரிந்ததே. சித்தப்பாவுக்குப் போன வருடத்துக் குற்ற உணர்ச்சி இருந்தது, அவர் என் பக்கம். அம்மா தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட், தினமும் ஏழு பத்து வண்டியில் போகிறவள், வீட்டிலேயே நேரத்தை மதிக்கத் தெரிந்தவள். அவளிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன். ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

"எனக்கு அது இப்ப கீற மாதிரியே இருக்கட்டும்டி" என்றாள்.

ஏன் என்றேன். அரைத்துக்கொண்டிருந்த துவையலை அவள் வழித்தெடுக்குமுன் நான் அங்கிருந்து போய்விட்டேன். அம்மா முதுகில் குத்தியதாக அன்று இரவு நோட்டில் எழுதினேன். அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய வருடத்து டைரி அது. கிழமையை அடித்துத் திருத்தித் தினமும் எழுதிவந்தேன்.

இப்போது இரண்டுக்கு இரண்டு. மிச்சம் இருந்தது தம்பி, ஒன்றாம் வகுப்பு. அப்பா அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். மணி பார்க்கத் தெரியாதவனுக்குக் கடிகார விஷயத்தில் ஓட்டு இல்லை. தம்பிக்கு எட்டு என்றால் எட்டு, ஒன்பது என்றால் ஒன்பது. நடுவில் முள் எங்கே நின்றாலும் அவனைப் பொறுத்தவரை அது "எட்டும் ஒம்போதும்".

ஆறு நாட்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டினேன். ஈர்க்குச்சியை ஒடித்து இரண்டு முள் செய்தேன். ஐந்தாம் வாய்ப்பாடு தெரியாதவனுக்கு நிமிடம் கற்றுக்கொடுப்பது எப்படியிருக்கும் என்பதைச் செய்தவர்களே அறிவார்கள்.

"யக்கா, மூணுன்னு எழுதிட்டு பதினஞ்சுன்னு சொன்னா அது பொய்யில்ல?"

"பெரிய முள்ளு மூணுல நின்னா பதினஞ்சுடா."

"சின்ன முள்ளு நின்னா?"

"மூணு."

"அப்ப மூணு யாரு பேச்சத்தான் கேக்கும்?"

புளியங்கொட்டைகளை எண்ணுக்கு ஐந்தாக அட்டையைச் சுற்றி அடுக்கினேன். செவ்வாயன்று அழுதான். புதனன்று நான் அழுதேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவன் அட்டையைப் பார்த்து, நான் கேட்காமலேயே, "நாலு முப்பத்தஞ்சு" என்றான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு கொல்லை முழுக்க ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அப்பா அட்டையை ஏற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே காட்டி, "மணி இன்னாடா?" என்றார். தம்பி கழுத்தை நிமிர்த்தி வெகு நேரம் பார்த்தான்.

"ஏழு இருவது," என்றான். பிறகு, "ஆனா அது பொய் சொல்து. நெஜமா ஏழு பத்து."

சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "அண்ணே, நம்மள விட ஜாஸ்தி மார்க்கு! வுடு, வுடு, ஓட்டப் போடட்டும்!"

பிஸ்கட் டின்னைத் திறந்து அப்பா ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படித்தார். மூன்றுக்கு இரண்டு. தோற்றவர் எழுந்து நின்று முடிவை அறிவித்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எந்தச் சட்டசபையிலும் அவ்வளவு நேர்மையாக யாரும் தோற்றிருக்க மாட்டார்கள்.

கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாது, உள்ளே பல் உடையும் என்று கடைத்தெருவில் ரிப்பேர்க்காரர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அப்பா பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். பத்து நிமிடம் வீட்டில் நேரமே இல்லை. டிக்டிக் சத்தம் நின்ற அறையில் நாங்கள் நால்வரும் வரிசையாக உட்கார்ந்து வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வானொலியில் மணி ஒலித்தது. அப்பா பெண்டுலத்தைத் தட்டிவிட்டார். எங்கள் வீடு முதன்முறையாக இந்தியாவின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது.

புதன்கிழமை ஆறு பதினெட்டுக்கே நான் பள்ளி வாசலில் நின்றேன். வேன் டிரைவருக்கு முன்னால் வந்தவள் நான்தான். விளையாட்டு ஆசிரியர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

மாமல்லபுரத்தில் கடற்காற்று மைதானத்தின் குறுக்கே அடித்தது. முதல் ஆள் மூன்றாவதாக வந்தாள். இரண்டாமவள் அதைக் காப்பாற்றினாள். கட்டை என் கைக்கு வந்ததும் காற்று என் முதுகுக்குப் பின்னால் திரும்பியது போலிருந்தது. வளைவில் புதுப்பட்டினத்துப் பெண்ணைத் தாண்டினேன், நேர்கோட்டில் இன்னொருத்தியை. கட்டையைக் கொடுத்துவிட்டு மண்ணில் விழுந்தபோது நாங்கள்தான் முதலில். கடைசி வரைக்கும் நாங்கள்தான் முதலில். கோப்பையை நால்வரும் நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டோம். வேன் திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் கடைத்தெரு முழுக்க டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தெருமுனையில் காத்திருந்த சித்தப்பா, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிறுத்தி, "எங்கண்ணன் பொண்ணு! டைமுக்குப் போனா, ஜெயிச்சிட்டா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் கேசட்டில் பேசி மாமாவுக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "நீங்க ஓட்டு போட்டு, ஜெயிச்சு, கோப்பையும் வாங்கிட்டீங்க. இங்க இன்னும் பேசிகினே கீறானுங்க" என்றார். பிறகு குரல் தணிந்தது. "ஆனா மச்சான், ஓட்டுக்குப் பரீட்சை வெச்சியாமே? இந்த நாட்டுலயும் சில மாநிலத்துல முன்ன அப்டித்தான் வெச்சானுங்க. கறுப்பு ஜனங்க ஓட்டு போடக் கூடாதுன்னு. வெக்கங்கெட்ட கதை அது." அப்பா கேசட்டை நிறுத்திவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

நான் தினமும் காலையில் வானொலியோடு கடிகாரத்தை ஒப்பிட்டு நோட்டில் குறித்தேன். முதல் மூன்று வாரம் சரி. நான்காம் வாரம் இரண்டு நிமிடம் முந்தியது. ஐந்தாம் வாரம் ஐந்து. மாதம் இரண்டாகும்போது முழுதாகப் பத்து. நிறுத்தித் திருத்தினோம், மறுபடி முந்தியது. ரிப்பேர்க்காரர் கழற்றிப் பார்த்து, கடிகாரத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். "அதுக்கே புடிக்கலடி உன் சட்டம்" என்றார் அப்பா, மகிழ்ச்சியோடு. போட்டி முடிந்து கோப்பையும் வந்துவிட்டதால் நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். கடிகாரங்கள் தாமாக வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று அளந்து முந்துவதில்லை என்பதும், எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு முன் எழுந்தவள் அம்மா ஒருத்திதான் என்பதும் தனித்தனியே எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு இப்போது அங்கே ஓட்டு உண்டு. பல மாநிலங்களில் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை, வருடா வருடம் மசோதா வருகிறது என்று வீடியோ அழைப்பில் சலித்துக்கொள்கிறார். என் கருத்தையும் கேட்கிறார். தள்ளுவதா வேண்டாமா என்பதில் இன்று எனக்கு உறுதியான கருத்து இல்லை. ஓட்டெடுக்குமுன், காலையில் முதலில் எழுகிறவர்களிடம் காரணத்தையும் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். நான் ஒரு முறை கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கோப்பை வாங்கிய அந்த வருடக் கோடை விடுமுறையில் ஒரு நாள் அம்மா மூக்குக் கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கடிகாரத்தில் ஆறு ஐம்பது ஆனதும் அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். அதற்குமேல் அவளிடம் சட்டை எங்கே, சர்க்கரை எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது, வண்டி போய்விடும். நாங்களெல்லாம் கழிப்போம். அம்மா மட்டும் கழிப்பதில்லை. முள் காட்டுகிற நேரத்துக்கே கிளம்புவாள். கூட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

பிளாட்பாரத்தின் கோடியில், கூட்டம் நிற்காத இடத்தில், ஒரு பெஞ்சில் இருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மேலே மடித்து வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைகள் சும்மா கிடந்தன. அந்தக் கைகளை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினேன்.

"யம்மா, இன்னும் ஒம்போது நிமிஷம் கீதும்மா! வூட்லயே இருந்திருக்கலாமே!"

"ஆமா," என்றாள் அம்மா. "வூட்லயே இருந்திருக்கலாம்." சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் வீடு திரும்பி, நோட்டைத் திறந்து, அன்றைய நாளுக்குக் கீழே எழுதினேன். "அம்மா வண்டிக்கு ஒன்பது நிமிடம் முன்னதாகவே போய்விடுகிறாள். ஒன்பதும் வீண்." கடைசிச் சொல்லின் கீழ் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன்.