பெரில் ஹாக்ஸ்வொர்த் இறக்க மறுத்த கொடி

தார்ன்விக் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் நாட்டுப் புனிதரை என்றைக்குக் கொண்டாட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்: ஏப்ரல் இருபத்து மூன்று. கொண்டாட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். மார்ச்சில் அயர்லாந்துக்காரர்களின் புனிதர் நாள் வந்தால் சந்தைத் திடலில் இருக்கும் கிளைவின் மதுக்கடையில் பச்சைத் தோரணம் கட்டி, பச்சைத் தொப்பி மாட்டிக்கொண்டு, தாங்கள் பிறக்காத ஊரை நினைத்து உருகி உருகிப் பாடுவார்கள். ஐந்து வாரம் கழித்துச் சொந்தப் புனிதர் ஜார்ஜ் வருவார். அன்றைக்கு எல்லோருக்கும் தோட்டத்தில் வேலை இருக்கும்.

அந்த நாளை விடாமல் நினைவு வைத்திருந்தவர் பெரில் ஹாக்ஸ்வொர்த் ஒருவர்தான். வயது எழுபத்தொன்று. மேட்டுக் கிராமங்களுக்கு நடமாடும் நூலக வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. இருபத்திரண்டு வருடமாகத் தேவாலயக் கோபுரத்துக் கொடி அவர் பொறுப்பு. தொண்ணூற்று நான்கு படி ஏறி, வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை போட்ட கொடியை ஏற்றிவிட்டு, முழங்காலைத் தேய்த்தபடி எட்டிப் பார்ப்பார். வழுக்கைகளும் தொப்பிகளும் குடைகளும் போய்வரும். யாரும் நிமிர்ந்ததில்லை. பிறந்த ஊரை அவர் உச்சந்தலைகளாகவே அறிந்திருந்தார்.

போன அக்டோபரில் கிளைவ் ஊர்க்கூட்டத்தில் விஷயத்தைக் கிளப்பினார். "அடுத்தவன் புனிதருக்கு நம்ம கடையில நிக்க இடமில்ல. நம்ம ஆளுக்கு ஈ ஓட்டுறேன். இந்த வருஷமாவது ஏதாச்சும் செய்வோம்."

நெவில் ஆர்மராட் எழுந்தார். புவியியல் ஆசிரியராக இருந்தவர். கிளைவுக்கே பாடம் எடுத்தவர். "அந்தக் கொடிய விளக்குக் கம்பத்துல கட்டி வெளிநாட்டுலேருந்து வந்தவங்கள மிரட்டுறவங்க யாருன்னு தெரியும்ல? நம்மளையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துருவாங்க."

"அதுக்காக அவங்களுக்கே பட்டா போட்டுக் குடுத்துரலாமா சார்?"

"ஜார்ஜ் இந்த ஊர்க்காரரே இல்லப்பா. இங்க காலே வச்சதில்ல."

"அதனாலதான் சார் நமக்கு அவரப் பிடிச்சுப்போச்சு. வீட்டுக்கு வந்து தொந்தரவு பண்ணாத விருந்தாளி."

சிரிப்பு அடங்குவதற்குள், எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத பெரில் பேசிவிட்டார். "இருபத்து மூணாம் தேதி, பகல் பன்னெண்டு மணி. நான் கொடி ஏத்துறேன். பிரியப்பட்டவங்க வந்து பாருங்க."

எட்டுக்கு ஏழு என்று தீர்மானம் நிறைவேறியது. வாத்தியக் குழுவுக்குச் சொல்லியாயிற்று. சுவரொட்டியும் ஒட்டியாயிற்று.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பெரில் ஆலய நாட்காட்டியைப் புரட்டினார். இருபத்து மூன்றில் ஜார்ஜ் இல்லை. ஈஸ்டர் வாரத்தில் வேறு எந்தப் புனிதருக்கும் இடம் கிடையாது. அந்த வாரத்தில் மாட்டிக்கொள்பவர் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வாசலில் இரண்டு பேர் சந்தித்தால் 'நீங்க முதல்ல' என்று ஒதுங்கி நிற்கும் நாட்டின் புனிதர், அந்த வழக்கப்படியே ஐந்து நாள் ஒதுங்கி, இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமையில் நின்றுகொண்டிருந்தார்.

பெரிலுக்குத் தெரியாத விதி அல்ல. முன்னே நான்கு தடவை இப்படி நேர்ந்தபோது நான்கு தடவையும் சரியான நாளில் ஏற்றியவர். கூட்டத்தில் பேசிவிட்ட பெருமிதத்தில் இந்த முறை கோட்டை விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஈஸ்டர் விடியலில் ஏறுவதும் இதே கொடிதான். அடுத்த ஞாயிறு மாலைவரை இறங்காது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஏற்றுவதற்குக் கொடியே இருக்காது.

தேவாலய ஆயர் ராஸலிண்டிடம் போய்ச் சொன்னார்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே செய்ங்க பெரில்" என்றார் ஆயர், மிகுந்த கனிவுடன். அந்த ஊரில் அது அனுமதி அல்ல, கைகழுவுதல்.

ஈஸ்டருக்கு மறுநாள் பெரில் தன் தவறைக் கிளைவிடம் ஒப்புக்கொண்டார். கிளைவ் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தார். "அட! எப்ப ஏத்துன?"

"நேத்துக் காலைல. நீ ரெண்டு தடவ அதுக்குக் கீழதான் போன."

"யாருக்கும் தெரியாதுல்ல? அப்போ ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்கு இறக்கிரு. புதன்கிழமை ஏத்திரு. யாரு கண்டா?"

"உயிர்த்தெழுந்தவரக் கீழ இறக்கிட்டுக் குதிரைக்கார ஜார்ஜ மேல ஏத்தச் சொல்றியா?"

"அம்மணி, ஒரு நாளைக்குத்தான். கொடி ஏத்துறதப் பார்க்க வந்து ஏமாந்து போனாங்கன்னா, இன்னும் அம்பது வருஷத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான். நீதானே கூப்பிட்ட?"

அதுதான் பெரிலைத் தைத்தது. கூப்பிட்டது அவர்தான். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு முதல் தடவை வெளியே வருகிறவர்களைச் சிரிப்பாகச் சிரிக்க வைத்து அனுப்பினால், அந்தப் பழி அவர் தலையில்தான் விழும். செவ்வாய்க்கிழமை படியேறிப் போய்க் கயிற்றைப் பிடித்தார். சும்மா இறங்கி வந்தார்.

புதன்கிழமை தூறல். இலை அசையக் காற்றில்லை. கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு, நனைந்த துண்டுபோலத் தொங்கியது. பன்னிரண்டு மணிக்குக் கோபுரத்திலிருந்து எட்டிப் பார்த்தார் பெரில். திடல் கொள்ளாத கூட்டம். ஒவ்வொருவரும் வேறு காரியமாக வந்தவர்போல, ஒருவரை ஒருவர் பாராமல் நின்றார்கள். காலிப் பையோடு வந்திருந்தவர்கள் ஏராளம். நெவில் கையில் கடிதம் வைத்திருந்தார்; தபால் பெட்டி இருந்ததோ தெருவின் மறுகோடியில்.

வாத்தியக்காரர்கள் குழல்களை வாயில் வைத்துவிட்டார்கள்.

"பெரில்! ஏத்து!" என்று கத்தினார் கிளைவ்.

கயிறு கையில் இருந்தது. இந்த மழையில், இந்த உயரத்தில், சட்டென்று இறக்கி ஏற்றினால் எவருக்கும் தெரியாது. பெரில் கயிற்றை விட்டுவிட்டுச் சுவர்மேல் சாய்ந்தார்.

"ஏத்த முடியாது! ஏற்கெனவே மேலதான் இருக்கு!"

பெரில் இன்னும் கொஞ்சம் எட்டிக் கத்தினார்.

"ஞாயித்துக்கிழமையிலேருந்து இருக்கு! இது ஈஸ்டர் கொடி. ஜார்ஜோட நாளு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போச்சு. தேதியத் தப்பாச் சொன்னது நான்தான். மன்னிச்சிருங்க!"

சிரிப்பு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டார். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது கீழே உச்சந்தலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் முகங்கள். நானூறு, ஐந்நூறு முகங்கள், மழை விழ விழ அண்ணாந்திருந்தன. நெவில் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் நின்ற ஒருவர் கழற்றினார். பிறகு திடல் முழுக்கத் தொப்பிகள் இறங்கின, குடைகள் மடங்கின. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பாட்டு இல்லை, முழக்கம் இல்லை. தலைக்கு மேலேயே மூன்று நாளாகத் தொங்கிய ஈரத்துணியை, அப்போதுதான் வானத்திலிருந்து இறங்கிவந்த ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். துணி அசையவே இல்லை. ஜனங்களும் அசையவில்லை. ஊதத் தயாராக இருந்தவர்கள் குழல்களை மெல்லக் கீழே வைத்தார்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் பெரில் அந்த ஊரின் முகத்தை அன்றுதான் பார்த்தார். வண்டியில் புத்தகம் வாங்க வந்தவர்கள், பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர்கள், நாடு என்ற சொல்லைக் கேட்டாலே இருமுகிறவர்கள். இவர்களுக்குள்ளே இது எங்கே இருந்தது?

நெவில்தான் முதலில் குரல் கொடுத்தார். "எத்தன வருஷமாம்மா ஏத்துறீங்க?"

"இருபத்திரண்டு!"

"நான் பார்த்ததே இல்லையேம்மா" என்றார் அவர். கூட்டத்துக்கே மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது அது.

"திங்கட்கிழமை எத்தன மணிக்கு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"காலைல எட்டு மணிக்கு. வேலைக்குப் போற நேரம். யாரும் சிரமப்பட வேண்டாம்!"

ஞாயிறு மாலை பெரில் ஈஸ்டர் கொடியை இறக்கி மடித்தார். மறுநாள் எட்டடிக்கப் படியேறும்போது, இருக்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். மேலே போய்க் கொடியைக் கயிற்றில் மாட்டியபிறகே எட்டிப் பார்த்தார். நாற்பது பேர் இருக்கலாம். வேலைக்குப் போகிற உடுப்போடு, கையில் தேநீர்க் குடுவையோடு நின்றார்கள். கிளைவ் கடை ஏப்ரனோடு வந்திருந்தார்.

ஒருவருக்கொருவர் எந்தச் சாக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. அத்தனை பேரும் முன்கூட்டியே நிமிர்ந்திருந்தார்கள். பெரில் கயிற்றை இழுத்தார்.