உப்பு வாங்கப் போன ஜப்பார் பாய்

"சிஸ்டர், ஏரிக்கரை ரோட்டுல யாரோ ஒரு பாய் வெயில்ல வியுந்துட்டாராம். கட்ட வண்டில போட்டு இட்டாந்துகினு கீறாங்க" என்று ஆயா வந்து சொன்னபோது நான் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பாய் என்றுதான் நானும் நினைத்தேன். வண்டியிலிருந்து இறக்கிப் படுக்க வைத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஜப்பார் பாய். நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையில் ஏதோ முடிந்திருந்தது. அவிழ்த்தால் உப்பு. கல்லுப்பு, ஒரு கை அளவு. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டதென்று, உலை கொதிக்கும்போது கிளம்பி, கடைத்தெரு வரைக்கும் நடந்துபோய் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் விழுந்திருக்கிறார்.

செங்கல்பட்டில் பாதிப் பேருக்கு உப்பு அளந்து போட்ட மனிதர் அவர். ஒரு கை உப்புக்காக ஒரு மளிகைக்கடைக்காரர் வெயிலில் நடந்து செத்தார் என்றால், அந்த ஊரை என்னவென்று சொல்வது?

"இறந்தவரைப் பற்றி எழுதுகிறீர்கள், கொஞ்சம் சாந்தமாக எழுதுங்கள்" என்று இந்த அஞ்சலிக் கட்டுரையைக் கேட்டு வாங்கியவர்கள் சொன்னார்கள். அவர்களிடம் அப்போதே சொல்லிவிட்டேன், எனக்கு வராது என்று. ஸ்டேஷன் தெருவில் அவர் கடையில் புளியும் மிளகும் வாங்கியவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மற்றவர்களுக்குக் கசந்தால் கசக்கட்டும்.

இந்த ஊருக்கு நான் மாற்றலாகி வந்தபோது எனக்கு வீடு தர ஆள் இல்லை. நர்ஸ், தனி ஆள், வேளை கெட்ட வேளையில் டூட்டி. "பெருமாள் கோயில் பக்கத்தில் இருக்கிற குடித்தனம், அதெல்லாம் சரிப்படாது" என்று ஒருவர் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே சொன்னார். இன்னொருவர் அதுகூடச் சொல்லவில்லை. பெட்டியும் படுக்கையுமாக ஸ்டேஷனுக்கே திரும்பி வந்து, எதிரே இருந்த மளிகைக்கடையில் ஒரு சோடா கேட்டேன். முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார் கடைக்காரர். மாடியில் ஒரு பாதியில் அவரும் மனைவி ஜுலைகா பீவியும் இருந்தார்கள். மறுபாதி காலியாக இருந்தது.

"மேல ஒரு ரூம்பு கீது தங்கச்சி. கீய நான் கீறேன், பக்கத்துல ஐயர் ஓட்டலு கீது, எதிர்ல ஜட்கா ஸ்டாண்டு கீது. கடசி ரயிலு போற வரைக்கும் தெருவுல வெளக்கு எரியும். இதுக்கு மேல இன்னா காவலு வோணும்?" என்றார்.

அவர் சொன்னது சத்தியம். அந்தத் தெருவில் நான் எந்த வேளையில் இறங்கி நடந்தாலும் யாராவது ஒருவர் "இன்னா நர்சம்மா, டூட்டியா?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வெற்றிலைக்கடைக்காரர், தையற்காரர், ஜட்காக்காரர் என்று எல்லோருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். இப்போது அந்தக் கேள்விக்கு ஏங்குகிறேன்.

ஒரு நாள் காலை, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ரயிலிலிருந்து இறங்கியவள் படி தாண்ட முடியாமல் ஜட்கா ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். திருக்கழுக்குன்றத்துக்கு நேர்த்திக்கடனாகக் கிளம்பி வந்தவள். ஆஸ்பத்திரிவரைக்கும் தாங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பாய் கல்லாவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். ஓட்டலிலிருந்து வெந்நீர் வந்தது. தையற்காரர் வெளுத்த வேட்டி இரண்டைக் கொடுத்தார். பாய் வீட்டுக் கட்டிலில் குழந்தை பிறந்தது. ஜுலைகா அக்கா அதன் வாயில் தேன் தொட்டு வைக்கப்போக, நான் அதட்டி நிறுத்தினேன். கீழே பாய் தெருவுக்கே கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். ரயிலும் கடையும் வீடும் ஒட்டி ஒட்டி இருந்ததால்தான் அந்தப் பெண் பிழைத்தாள். அதே இடத்தில் இப்போது புல் வளர்த்து வேலி போட்டிருக்கிறார்கள்.

அந்தப் புல்லின் கதையைச் சொல்கிறேன். ஊரை அழகுபடுத்துவதற்கென்று பெரிய மனிதர்கள் சிலர் கூடி ஒரு குழு வைத்தார்கள். ரயிலில் வந்து இறங்குகிற மேலதிகாரிகள் கண்ணில் முதலில் படுவது எங்கள் தெருவாம். மளிகை மூட்டையும், மாடியில் காயும் புடவையும், மீன்கூடையும், குதிரைச் சாணியும் பார்த்து ஊரைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே தெருவை எடுத்துவிட்டு அங்கே பூங்கா. குடியிருப்பவர்களுக்கு ஏரியைத் தாண்டிப் புதுக் காலனி. கடைகளுக்கு ஊரின் மறுகோடியில் மார்க்கெட். திட்டம் இங்கிலீஷில் தயாரானது. அதைத் தமிழில் பெயர்த்து நோட்டீசாகச் சுவரில் ஒட்டினார்கள். பெயர்த்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. வீடும் கடையும் கலந்து இருக்கிற தெரு என்பதற்கு அவர் எழுதியது இது: "ஸ்டேஷன் தெரு கலப்படப் பகுதியாக இருப்பதால் அப்புறப்படுத்தப்படும்."

பாய் அந்த நோட்டீசின் முன்னால் நின்ற நிற்பை நான் மாடியிலிருந்து பார்த்தேன். மளிகைக்கடைக்காரரிடம் போய்ச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மிளகில் பப்பாளி விதை, பருப்பில் கல், நெய்யில் டால்டா என்று ஊரே நாறிக் கிடந்த காலத்தில், வாங்க வந்தவர் எதிரிலேயே மிளகைத் தண்ணீரில் போட்டுக் காட்டி விற்ற மனிதர். விதை மிதக்கும், மிளகு மூழ்கும். அதற்கென்றே கல்லாப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு வைத்திருந்தார். நோட்டீசைப் படித்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

"எங்க அத்தா காலத்துலேர்ந்து யாவாரம் பண்றோம். ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல. கலப்படம்னு செவுத்துல எய்தி ஒட்டிட்டானுங்களே தங்கச்சி" என்றார்.

அதன் அர்த்தம் அவருக்குப் புரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் புரியவில்லை. தெருவில் யாருக்கும் புரியவில்லை. சரக்கைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, குழுவின் கூட்டத்துக்கு அவர் அந்தச் சொம்பில் தண்ணீரும் ஒரு பொட்டலம் மிளகும் எடுத்துக்கொண்டு வந்தார். தெருவே பின்னால் வந்தது. மேஜை மேல் சொம்பை வைத்தார். பொட்டலத்தைக் கொட்டினார். "பாருங்க சார். பப்பாளி வெதைன்னா மெதக்கும். என் மொளகு அடியில போயி குந்திகினு கீது பாருங்க. எது சார் கலப்படம்?"

சிரித்தார்கள். குழுத் தலைவர் கண்ணில் நீர் வர, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கௌரவமான மனிதர்கள், படித்தவர்கள், வயசில் பெரியவரை நடுவில் நிற்க வைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் காரியதரிசிதான் விளக்கினார். "உங்கள் சரக்கைச் சொல்லவில்லை பாய். கீழே கடை, மேலே வீடு, பக்கத்தில் ஓட்டல், எதிரே குதிரை வண்டி என்று எல்லாம் கலந்து கிடக்கிறதே, அதைச் சொல்கிறோம். நாகரிகமான ஊர் என்றால் வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் இருக்க வேண்டும்."

பாய் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் அன்று பேசியதை நம் தெருக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "கலக்கறது வேற, கலப்படம் வேற சார். சாம்பார் பொடில மொளகா, மல்லி, பருப்பு, வெந்தயம் எல்லாம் ஒண்ணாத்தான் அரைக்கிறோம். அத்தப் போயி கலப்படம்னு எவனாவது சொல்லுவானா? மொளகாயத் தனியாத் தின்னுட்டு, ஒரு மைலு நடந்துபோயி வெந்தயத்தத் தின்னுட்டு வாங்க, பாக்கலாம். ஸ்டேஷனாண்ட ஜனம் எறங்குது. எறங்கற ஜனத்துக்குச் சோறு வோணும், தண்ணி வோணும், குந்தறதுக்கு நெயலு வோணும். அதான் கடை வந்துச்சு. கடைக்காரன் எங்க இருப்பான்? மேல இருப்பான். சாக்கடை நாறுதா, சாக்கடையக் கட்டுங்க. தெருவ ஏன் இடிக்கிறீங்க?"

"உங்கள் அபிப்பிராயம் குறித்துக்கொள்ளப்பட்டது. உட்காருங்கள்" என்றார் தலைவர். உட்காருவதற்கு எங்களுக்கு நாற்காலி போடவில்லை.

தெரு போயிற்று. சுவர்களை இடித்தபோது பாய் எதிர்க்கவில்லை, அழவுமில்லை. கூரை ஓடுகளை முழுசாக இறக்கச் சொல்லி ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். மறுகோடி மார்க்கெட்டில் அவருக்கு ஒரு கடை கொடுத்தார்கள். ரயிலில் இறங்குகிறவர் அங்கே எதற்குப் போவார்? கொஞ்ச நாள் ஈ ஓட்டிவிட்டுச் சாத்தினார். காலனி வீட்டின் முன்னறையில் நாலு டப்பா வைத்து விற்கலாமென்று பார்த்தால், அதற்கும் நோட்டீஸ் வந்தது. காலனி வசிப்பதற்கு மட்டுமாம். வியாபாரம் செய்தால் வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். நன்றாக இருக்கிறது நியாயம்! சாப்பிடாமல் வசிப்பது எப்படி என்றும் அதே நோட்டீசில் எழுதியிருக்கலாம்.

பூங்காவை ஒரு தரம் போய்ப் பாருங்கள். மகாபலிபுரத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் மீன்கூடையோடு வருகிற முனியம்மாவை உங்களுக்குத் தெரியும். பாய் கடை வாசலில்தான் கூடையை இறக்கி ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். போன மாதம் வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். "புல்லு மேல நடக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிகீறானுங்க நர்சம்மா. சுத்திகினு போனா கூடையில மீனு கெட்டுப்பூடுது. பறந்து போறதுக்கு நான் இன்னா குன்றத்துக் கயுகா?" என்றாள். குன்றத்துக்குப் போகிற யாத்ரீகர்களும் அப்படித்தான். கைக்குழந்தையோடு இறங்கி, ஒரு வாய் காப்பிக்கு எங்கே போவதென்று தெரியாமல், அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

திட்டம் போட்டவர்கள் யாருக்கும் இது தெரியாது, ஏனென்றால் அவர்கள் யாரும் நடப்பதில்லை. காரில் வந்து, காரில் போகிறார்கள். காகிதத்தில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஏரிக்கரை ரோடு விரல் நீளம்தான் இருந்திருக்கும். ரோட்டை அகலம் பண்ணுகிறோம் என்று புளியமரங்களையும் வெட்டினார்கள். நானும் இப்போது காலனியில்தான் இருக்கிறேன்; மாலை டூட்டிக்குக் கிளம்பும்போது துணைக்கு யாராவது அந்தப் பக்கம் போகிறார்களா என்று வாசலில் நின்று பார்க்கிறேன். பாய் இருந்தவரை, "இரு தங்கச்சி, எனக்கும் அந்தாண்ட ஒரு வேல கீது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட வருவார். அவருக்கு அந்தாண்ட ஒரு வேலையும் கிடையாது.

வாசகசாலையில் அனுதாபக் கூட்டம் போட்டார்கள். குழுத் தலைவர்தான் தலைமை. மாலை போட்ட படத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் பேசினார். "நண்பர் ஜப்பார் பாய் கலப்படம் இல்லாத மனிதர்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, வேறு எந்த வார்த்தை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்த வார்த்தையை நீங்கள் சொல்லாதீர்கள். அவரைக் கொன்றது அதுதான்" என்றேன்.

"நர்சம்மா துக்கத்தில் பேசுகிறார்" என்று சபையைப் பார்த்துச் சொன்னார்.

"துக்கமெல்லாம் வீட்டில் வைத்திருக்கிறேன். இங்கே கோபத்தைத்தான் கொண்டு வந்திருக்கிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் காரை அனுப்பிவிட்டு எங்களோடு காலனி வரைக்கும் நடந்து வாருங்கள். அவர் விழுந்த இடத்தைக் காட்டுகிறேன்" என்றேன். அவருக்கு வேறொரு கூட்டம் இருந்ததாம். கிளம்பிப் போய்விட்டார்.

அந்தத் துண்டை நான் ஜுலைகா அக்காவிடம் கொடுத்தபோது அவள் உப்பைக் கொட்டவுமில்லை, அடுப்பில் போடவுமில்லை. ஒரு ஜாடியில் போட்டு மூடி வைத்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "அவுரு ஒரு கையி உப்புக்கு அம்மாந்தூரம் போனாரு. இந்தக் காலனில இன்னொருத்தரு போவக் கூடாது, நர்சம்மா" என்றாள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பித்தளைச் சொம்பு. நேற்றுக் காலை அதைத் தேய்த்துத் துலக்கி, தண்ணீர் நிரப்பி, ஜுலைகா அக்கா வீட்டு ஜன்னல் திட்டில் வைத்தேன். பக்கத்தில் உப்பு, மிளகு, புளி, தீப்பெட்டி. வெயில் ஏறுவதற்குள் உப்பு தீர்ந்துவிட்டது. மிளகு கேட்டவர்களுக்கு அக்கா சொம்பில் போட்டுக் காட்டித்தான் கொடுத்தாள்.

நோட்டீஸ் வரும் என்று எங்களுக்குத் தெரியும். வரட்டும். கொண்டுவருகிறவர் அந்த ரோட்டில் நடந்தே வரட்டும்.