அட்வான்ஸ் வாங்காத ஐந்து வீடுகள்

அன்றைக்குச் சிங்கப்பூரில் அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள். ஈசூனில் இருந்து வந்த பெரியவர். கப்பல் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களைக் கூப்பிட்டவர் அவர்தான். அவருடைய மனைவி. சுவா சூ காங்கில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். என் ஊர்க்காரன், கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் எனக்கு மேல்கட்டிலில் படுப்பவன். கடைசியாக நான்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சந்து. சாப்பாட்டுக் கடை மாடி. ஞாயிற்றுக்கிழமை பகல்.

எங்கள் மலையில் மண் சரிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரோடு திறந்தாயிற்று. கரண்டு வந்தாயிற்று. ஆள்தான் வரவில்லை. சுற்றிப்பார்க்க வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் மலை பிழைக்கிறது. எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் ரூம் விடுகிற வீடுகள். என் வீடும் ஒன்று. நான் இங்கே நர்சரியில் செடித்தொட்டி தூக்குகிறேன். அங்கே என் மனைவி இரண்டு ரூமை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். மண் சரிந்தது எங்கள் தெருவில் இல்லை. ஒரு கல் உருளவில்லை. ஆனால் செய்தியில் வந்தது மலையின் பெயர். தெருவின் பெயர் வரவில்லை.

பெரியவர் கேட்டார். "தம்பி, நாங்க ஒரு கண்டெய்னர் அனுப்பலாம்னு இருக்கோம்லா. அரிசி, பருப்பு, துணி. வேற என்ன வேணும் சொல்லுங்க."

எனக்குப் பேச வராது. ஆனாலும் சொன்னேன். "அரிசி ரேஷன்ல கெடைக்குதுங்கையா. நீங்க வாங்க. வந்து ரெண்டு நாள் தங்குங்க. அது போதும்."

"நல்ல ஐடியா!" என்றார் டீச்சர். "ஸ்கூல் ஹாலிடேல போகலாம்லா. தங்கிட்டு வந்து நாம நாலு பேருகிட்ட சொன்னா, அவங்களும் போவாங்க."

நான் நினைத்ததும் அதுதான். எனக்குச் சொல்ல வரவில்லை, அவருக்கு வந்தது.

பெரியவர் மனைவிக்கு ஒரே கவலை. "சுடுதண்ணி வருமா? அந்தக் குளிருல எனக்குச் சுடுதண்ணி இல்லாம முடியாது."

என் ஊர்க்காரன் சிரித்தான். "ஆன்ட்டி, இவன் வீட்டுல விறகடுப்புல அண்டாவையே ஏத்திருவாங்க. போதும் போதும்னு நீங்கதான் ஓடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று வாரத்தில் இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். பெரியவர் போன் செய்தார். "தம்பி, அட்வான்ஸ் எவ்வளவு?"

"வேண்டாங்கையா."

"ஷுவரா?"

"உங்ககிட்ட வாங்குறதா? வேண்டாங்கையா."

எங்கள் தெருவில் அப்படி ஒரு பழக்கம். முன்பின் தெரியாதவர் ரூம் கேட்டால் அட்வான்ஸ் வாங்குவோம். தெரிந்தவர் சொல்லி வருகிறவரிடம் வாங்க மாட்டோம். வாங்கினால் உன் பேச்சை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் எப்படிக் கேட்பது?

மறுநாள் வேலைக்குப் போகும் லாரியில் என் ஊர்க்காரன் கேட்டான். "அட்வான்ஸ் வாங்கிட்டியா மாப்ள?"

"இல்ல."

"ரொம்ப நல்லவன்டா நீ."

பாராட்டுகிறான் என்று இருந்தேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "இருபத்திரண்டு பேரா? வெளையாடாத."

"நெசமாத்தான்."

அவள் மற்ற நாலு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். மூன்றாம் வீட்டு அக்கா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்ப இருந்தவர். பையைக் கட்டிவிட்டார். இதைக் கேட்டுப் பையைப் பிரித்தார். ஐந்து வீட்டுக்கும் வெள்ளையடித்தார்கள். தலைக்கு ஒன்று என்று புதுக் கம்பளி வாங்கினார்கள்.

"நீ சொன்னன்னுதான் எல்லாரும் எறங்கியிருக்காங்க" என்றாள் மனைவி. "தெரியுமில்ல?"

"வருவாங்க."

அவர்கள் போய்ச் சேர வேண்டிய நாளில் நான் நர்சரியில் பந்தலுக்குக் கீழே நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"வேன் போயிருச்சு" என்றாள்.

"எங்க?"

"நம்ம வளைவுல நிக்கல. மேல ரிசார்ட்டுக்குப் போற ரோட்டுல ஏறிருச்சு. நான் கை காட்டினேன். உள்ள இருந்தவங்களும் சிரிச்சுக்கிட்டே கை காட்டினாங்க."

"எடம் பாக்கப் போயிருப்பாங்க. திரும்பி வருவாங்க. அடுப்ப அணைச்சுராத."

பெரியவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். அவள் இருட்டும் வரை விறகு தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள். அண்டாத் தண்ணீர் பாதியாகச் சுண்டிவிட்டது.

அவர்கள் மறுநாள் காலை வந்தார்கள். ஒரு மணி நேரம் இருந்தார்கள். ஐந்து வீட்டுக்கும் ஒவ்வொரு அரிசி மூட்டை கொடுத்தார்கள். அவர்களுக்குச் சமைக்க வாங்கிய அரிசி உள்ளே அப்படியே இருந்தது. என் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "வீடு ரொம்ப கிளீனா இருக்குல்ல" என்று ஒருவர் சொன்னாராம். மனைவி அதையும் என்னிடம் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து அதே மாடி. அதே ஐந்து பேர். பெரியவர் எழுந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு போனில் அந்தப் போட்டோவைக் காட்டினார். கீழே எழுதியிருந்தார். நான் எட்டாவது வரைதான். மெதுவாகப் படித்தேன். 'மண்சரிவு அபாயம் உள்ள தெரு என்பதால் பாதுகாப்பு கருதி வேறு இடத்தில் தங்கினோம்.'

"நெறைய பேரு ஷேர் பண்ணிட்டாங்க தம்பி" என்றார் டீச்சர்.

இன்னொரு தடவை படித்தேன். தெருவின் பெயர் இந்த முறை வந்திருந்தது.

"அபாயம்னு யாருங்கையா சொன்னது?"

பெரியவர் என் ஊர்க்காரனைப் பார்த்தார். "உங்க ஆளுதானே தம்பி. நீங்க சொல்லக் கூச்சப்படுறீங்கன்னு சொன்னாரு. ரிசார்ட் புக் பண்ணிக் கொடுத்ததும் அவருதான். அவரோட மச்சான் அங்க மேனேஜராம்லா. அட்வான்ஸ் வேற கட்டிட்டோம், அப்புறம் மாத்த முடியல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

"மண்ணு சரிஞ்சது அந்த ரிசார்ட்டுக்குக் கீழதாங்கையா."

பெரியவர் மனைவி என் ஊர்க்காரனைப் பார்த்தார். அவன் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா?" என்றேன்.

"என்ன ஏன்டா? மலைக்குத்தானே போனாங்க மாப்ள. உன் தெருவுல தங்குனா என்ன, என் மச்சான் ரிசார்ட்டுல தங்குனா என்ன? எல்லாம் நம்ம ஊருதானே."

அடிக்கலாம் என்று தோன்றியது. அடித்தால் வேலை போகும். பெரியவரிடம் மட்டும் கேட்டேன். "அந்த எழுத்த எடுத்துருங்கையா."

"எடுத்துடலாம் தம்பி, இப்பவே எடுத்துடறேன்." போனை எடுத்தார். "ஆனா... எல்லாரும் பார்த்தாச்சே."

பொன்னாடையை மடித்து மேஜைமேல் வைத்தேன். டீ ஆறியிருந்தது. குடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

விடுதியில் வேறு கட்டில் கேட்டேன். காலி இல்லை என்றார்கள். அவன் இன்னும் எனக்கு மேலேதான் படுக்கிறான். ஏறும்போது என் கட்டில் விளிம்பில்தான் கால் வைக்கிறான்.

பொங்கல் வரை எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. மூன்றாம் வீட்டு அக்கா மறுபடி பையைக் கட்டித் திருப்பூருக்குப் போய்விட்டார். போகும்போது என் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசினேன். போனில் துணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"என்ன தொவைக்கிற?"

"கம்பளி."

"யாரும் படுக்கவே இல்லையே."

"விரிச்சாச்சுல்ல. தூசி."

அடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"நம்ம வீட்டுதா?"

"அஞ்சு வீட்டுதும். நம்ம பேச்சக் கேட்டுத்தான வாங்குனாங்க. நான்தான் தொவைச்சுக் குடுக்கணும்."

"எத்தன?"

"இருபத்திரண்டு."