அக்காவின் குளோரைடு கணக்கு

அக்கா பி.யூ.சி. படித்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அவள் வேதியியல் கணக்குப் போடும்போது, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு விடை பார்த்துச் சொல்வது என் வேலை. கணக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், "தப்பு" என்று சொல்லும் அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தத் தை மாதம் ஒரு கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. 11.1 கிராம் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து அரை லிட்டர் கரைசலாக்கினால், அதில் குளோரைடு அயனியின் மோலாரிட்டி எவ்வளவு? அக்கா 0.4 என்றாள். புத்தகத்தில் 0.2. மறுபடி போட்டாள், மறுபடியும் 0.4.

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா, "அச்சடிச்ச புக்குல தப்பு இருக்குமா? நீதான் எங்கியோ தப்பு பண்ணிக்கினு இருக்கிற" என்றார்.

"உப்புக்குத்தாம்பா 0.2. தண்ணியில கரைஞ்சா அது பிரிஞ்சிடுது. ஒரு கால்சியத்துக்கு ரெண்டு குளோரைடு. அப்ப ரெண்டு மடங்கு ஆவணும் இல்ல?"

அப்பா மறுபடி தறி நாடாவை ஓட்டத் தொடங்கினார்.

இரண்டு நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்திலிருந்து செவிலிமேட்டுக்கு நடந்தாள். அவளுக்கு வேதியியல் எடுக்கும் மேடம் அங்கேதான் குடியிருந்தார்.

மேடம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நோட்டை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். "நீ போட்டதுதாம்மா ரைட்டு. புக்குல உப்போட நின்னுட்டாங்க, அயனிக்குப் போவல. பரீட்சையில வந்தா தைரியமா 0.4ன்னு எழுது."

அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "சரிங்க மேடம்" என்றாள். என் பங்குக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"அக்கா பரீட்சை எழுதாது மேடம். அதுக்கு மாசியில கல்யாணம். ஆரணிக்குப் போயிடும்" என்றேன்.

மேடம் அக்காவையே பார்த்தார். "நான் வந்து உங்க அப்பாகிட்ட பேசட்டுமா?"

"வேணாம் மேடம். வாக்கு குடுத்துட்டாங்க."

திரும்பும்போது அக்கா வெயிலுக்காகத் தாவணித் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். அவள் அழுவது வெகுதூரம்வரை எனக்குத் தெரியவில்லை. நான் உளறியதால்தானோ என்று பயந்து கேட்டேன்.

"இல்லடி. கணக்கு சரியா வந்துடுச்சில்ல, அதான்" என்றாள்.

கணக்குச் சரியாக வந்ததற்கு யாராவது அழுவார்களா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மாசியில் கல்யாணம் நடந்தது. புதுப் பாவாடையோடு தெருவெல்லாம் சுற்றினேன். அக்கா போன பிறகுதான் வீடு என்னவோபோல் ஆயிற்று. ஜன்னலோரம் அவள் உட்காரும் இடத்தில் கொஞ்ச நாள் நான் யாரையும் உட்காரவிடவில்லை.

பங்குனி முடியும் தறுவாயில் என் பெயருக்கு அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எல்லோரையும் விசாரித்துவிட்டு, பரீட்சை எழுதிய தோழியிடம் வேதியியல் கேள்வித்தாளை வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தாள். கல்யாணமாகிப் போனவளுக்குக் கேள்வித்தாள் எதற்கு? ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். கேள்வித்தாளை வாங்கப் போகாமல், எதிர்வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்ட கதையைக் கார்டு நிறைய எழுதி அனுப்பினேன்.