அடுக்குக் கேரியரும் அம்மாவின் முட்டிவலியும்

என் பட்டறையில் இன்றைக்குப் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எட்டாவதில் இரண்டு முறை உட்கார்ந்தும் தேறாத ஒருவன், யார் தயவும் இல்லாமல், கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நான்கு பாலீஷ் மிஷின் போட்டிருக்கிறான் என்றால் அது லேசுப்பட்ட விஷயமில்லை. வயது நாற்பதைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் எல்லோரும் என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

டிசம்பர் மாதம் வந்தால் மட்டும் எனக்கு அலுப்புத் தட்டிவிடும். பட்டறையில் சீட்டுக் குலுக்கி ‘கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்’ விளையாடுவார்கள். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு வாங்கித் தர வேண்டும். எவ்வளவு ரூபாய்க்குள் என்று வருடா வருடம் என்னைக் கேட்பார்கள். நூறு என்பேன். “நூறு ரூபாய்க்கு இன்னா பெரியவரே வரும், அரை பிரியாணி வரும்” என்று சிரிப்பார்கள். அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் ஆட்டமே கிடையாது என்று நான் கத்துவேன். கஞ்சன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது காதில் விழும். கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டேன். இந்த வருடம் எழுதி வைத்துவிடுகிறேன், படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. அத்திப்பட்டில் ஒற்றை அறை வாடகை வீடு. நைனாவுக்கு அனல்மின் நிலையத்துப் பக்கம் நிலக்கரி இறக்கும் வேலை, கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அம்மா கும்மிடிப்பூண்டியில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் செய்தாள். காலையில் ரயில், ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு ஷேர் ஆட்டோ, மாலையிலும் அதே வழி. ஏழு மணிக்கு வீட்டில் இருப்பாள்.

அந்தக் கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசர் மேடம்தான் இந்தச் சீட்டு ஆட்டத்தைக் கொண்டுவந்தது. ஐம்பது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது பேருக்கு ஒரு சட்டம், மீறினால் கேட்பார் இல்லை. ஐம்பது ரூபாய் என்பது அம்மாவின் ஒருநாள் உழைப்பில் முக்கால்வாசி. முதல் வருடம் அவள் ஒரு சீப்பை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் சீப்பு அக்கா. தண்ணீர்க் குழாயடியில் நின்றால், “சீப்புக்கா, கொஞ்சம் நவுரு.” சாப்பிட உட்கார்ந்தால், “சீப்புக்கா, இன்னா கொழம்பு?” முதல் தடவை இதை வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தாள். அதற்கப்புறம் சொன்னபோது சிரிக்கவில்லை.

மறு வருடம் டிசம்பரில் நைனா கேட்டார்: “டப்பு இல்லாதவ இன்னாத்துக்கு ஆட்டத்துல சேர்ற?”

“சேரலன்னா அதுக்கு வேற ஒரு பேரு வெப்பாளுங்கோ.”

அந்த முறை அம்மாவுக்கு வந்த சீட்டில் பழவேற்காட்டு அத்தையின் பெயர் இருந்தது. சொந்த அத்தை இல்லை. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து, அம்மா பிடித்து வைத்திருக்கும் இடத்தில் ரயிலேறி உட்காருகிற ஒரு முஸ்லிம் பெண். இரண்டு பெண் பிள்ளைகள். வெளிநாடு போன வீட்டுக்காரரிடமிருந்து பணமும் இல்லை, கடிதமும் இல்லை. அந்த செக்‌ஷனில் அம்மாவை ஒருநாளும் சீப்பு என்று கூப்பிடாதவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வாயையும் அடைக்க வேண்டும். கையில் காசு இல்லை. அம்மா பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் ஒன்றை வெளியே எடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு என் மாமா கொடுத்தது. ஒருநாள்கூடச் சோறு கண்டதில்லை. ஆனால் மூடியில் மாமா பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது. எங்கள் பக்கம் பாத்திரம் கொடுத்தால் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள்.

“இத்த எப்டிடா குடுக்கறது” என்று அம்மா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் அழித்துத் தருகிறேன் என்றேன். மீஞ்சூரில் ஒரு பாலீஷ் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைவிட அங்கே நின்று வேடிக்கை பார்த்த நாட்கள் அதிகம். பட்டறைக்காரர், “கைய குடுத்துட்டு எங்கிட்ட வந்து அழாத” என்று சொல்லிவிட்டு என்னை மிஷினில் நிற்க விட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சக்கரத்தில் பிடித்து, சீயக்காய் போட்டுக் கழுவினேன். பெயர் இருந்த இடம் தெரியவில்லை. பட்டறைக்காரரே மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, இன்னொரு பாத்திரத்தையும் என் கையில் கொடுத்தார். அவர் நம்பிக் கொடுத்தார் என்றால் அது பெரிய பாராட்டு. என் கைக்கு என்ன தெரியும் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்துப் பாத்திரக் கடையில் கெஞ்சி ஒரு அட்டைப்பெட்டி வாங்கினேன். பெட்டியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 280 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அம்மா கண்ணில் படாமல் அந்தப் பக்கம் கீழே வரும்படி கேரியரை வைத்து, கயிறு கட்டி அம்மாவிடம் கொடுத்தேன்.

பரிசு கொடுத்த அன்று அம்மா பூரித்துப் போய் வருவாள் என்று வாசலிலேயே காத்திருந்தேன். வந்தவள் பையை மாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“பொட்டி மேல வெல எழுதினு இருந்துச்சே, நீ பாக்கல?”

“பாத்துதாம்மா எடுத்துகினு வந்தேன். அவுங்களும் பாக்கட்டும்னுதான்.”

“பாத்தாங்க. எல்லாரும் பாத்தாங்க” என்றாள்.

யாராவது சீப்பு என்று சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

புது வருடம் பிறந்ததும் அம்மா எட்டு மணிக்கு மேல்தான் வர ஆரம்பித்தாள். செருப்பு வார் அறுத்துக் கால்விரலில் துணி சுற்றியிருப்பாள். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போடுவாள். பசி தாங்காமல் ஒருநாள் கத்தினேன். முட்டிவலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஆட்டோ ஏறாமல் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறேன், ஆறு மணி ரயில் தவறிவிடுகிறது என்றாள். கூட யார் என்று கேட்டேன். “அத்தையும் நடக்குது” என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் முட்டிவலி வந்ததில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

காணும் பொங்கலன்று பழவேற்காட்டு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தாள். நீலக் கட்டம் போட்ட ரெடிமேட் சட்டை. அதுவரைக்கும் நான் டெய்லர் தைத்த சட்டைதான் போட்டிருக்கிறேன், அதுவும் தொளதொளவென்று.

“இன்னாத்துக்கும்மா இதெல்லாம்” என்றாள் அம்மா.

“நீ குடுக்கலாம், நா குடுக்கக் கூடாதாக்கா?” அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு என்னிடம், “போட்டுகினு வாடா, பாக்கலாம்.”

காலரில் விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இருநூற்றுத் தொண்ணூறு. பாவம், மறந்துபோய் விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நானே அதைப் பிய்த்துப் போட்டேன்.

பட்டறை போட்ட முதல் வருடம், வேலைக்காரர்களுக்கெல்லாம் பெரிய பெரிய பரிசாகக் கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டபோதுதான் அவள் இதைச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்யாவிட்டால் அத்தைக்குத் தூக்கம் வராது. அதனால் அவள் ஆட்டோக் காசை மிச்சம் பிடித்தாள், மதியச் சாப்பாட்டையும் பாதியாக்கினாள். அது பரண்மேல் கிடந்த பழைய பாத்திரம் என்று அம்மா சொல்லியிருந்தால் அத்தை நடந்திருக்க வேண்டாம். ஆனால் அத்தனை பேர் பார்க்க வாங்கிக்கொண்டவளிடம் எந்த வாயால் போய், உனக்குக் கொடுத்தது பழசு என்று சொல்வது? சொல்ல வாய் வரவில்லை. அவளைத் தனியாக நடக்க விடவும் மனசு வரவில்லை. “கூட நடந்தேன். வேற இன்னா பண்றது” என்றாள் அம்மா.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள் அம்மா பழையபடி ஏழு மணிக்கே வந்துவிட்டாள். நான் நீலக் கட்டம் போட்ட சட்டையோடு வாசலில் நின்றிருந்தேன். நடக்கவில்லையா என்று கேட்டேன்.

“முட்டி சரியாப் பூடுச்சு” என்றாள்.

நான் அதை நம்பினேன். நம்பியது மட்டுமில்லை. தெருவில் யார் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பக்கத்தில் போய் நின்று, நடந்து பாருங்கள், எங்கள் அம்மாவுக்குப் பதினைந்தே நாளில் சரியாகிவிட்டது என்று, அந்தச் சட்டை எனக்குச் சின்னதாகிப் போகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.