மாப்பிள்ளை படகில் மாட்டிய கார் செட்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே உதிரட்டும். நாலாவதாக ஒன்று தெரியும். அது கட்டிய பல். அதைச் சத்தியத்தில் சேர்க்கவில்லை. பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்த்தால் நான் பொறுப்பல்ல. இது மத்தியானம் நடந்தது. சாப்பிட்டு முடித்து ஏப்பம் விடுகிற நேரம்.

என் சீட் கவர் கடைக்கு அடுத்த கடை ஃபியூஸுடையது. கார் எலெக்ட்ரீஷியன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். கார் செட் மாட்டுவதில் கில்லாடி. அவன் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, ஆறு கடலில் சேரும் இடத்தில் சரக்குப் படகு ஓட்டியவன். படகில் தனி ஆள். அக்கரைத் துறையில் இடம் காலியாகும்வரை, என்ஜினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் நடுவே மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

"மச்சான், அங்க பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு பாட்டுப் பெட்டி மாட்டிக் குடேன்."

"கார் செட்டே மாட்டிடறேன் மாப்ள. காருக்கும் போட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இதுக்குப் பஞ்சர் ஆகாது, அவ்வளவுதான்."

உடைசலுக்கு வந்த காரிலிருந்து கழற்றிய செட் அது. அதற்கு மின்சாரம் கொண்டுவருவது இரண்டு வயர். சிவப்பு, காரில் சாவி போட்டால்தான் உயிர்பெறும். மஞ்சள், எந்நேரமும் பேட்டரியோடு ஒட்டிக்கொண்டு செட்டின் கடிகாரத்தை ஓட்டும். படகில் சாவி ஏது? வெறும் பட்டன். ஃபியூஸ் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, என்ஜினைக் கிளப்புகிற பேட்டரியிலேயே நேராகக் கொடுத்துவிட்டான். என்ஜின் ஓடாமல் பாட்டு மட்டும் ஓடினால் பேட்டரி இறங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். செட்டுக்குத் தனி பேட்டரி வைக்க வேண்டும் என்றும் தெரியும். அன்றைக்குப் பசி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் 2:17. ஃபியூஸ் ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தான். போன் அடித்தது.

"மச்சான், செல்ஃப் எடுக்கல. டிக்... டிக்னு மட்டும் வருது. நங்கூரம் வேற விட்டுப்போச்சு. காத்து பாறைப் பக்கம் தள்ளுது."

"பாட்டை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் கழிச்சு அடி. எடுக்கும்."

"நான் என்ன சொல்றேன்னா மச்சான்..."

"பத்து நிமிஷத்துல பாறை எங்கயும் ஓடிடாது மாப்ள. அப்புறம் கூப்பிடு."

போனை வைத்துவிட்டான். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தும் கொண்டான்.

மாலையில் மாப்பிள்ளையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவந்தார்கள்.

வீடு நிறைய ஆட்கள். என்ஜின் ஏன் கிளம்பவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாக் கண்ணும் ஃபியூஸ் பக்கம் திரும்பியது. அவன்தானே விஷயம் தெரிந்தவன்? அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "படகு விளக்கை அணைக்காம விட்டிருப்பாரு. பேட்டரி இறங்கியிருக்கும்."

அதுவரை அழுதுகொண்டிருந்த தங்கை சட்டென்று நிறுத்தினாள்.

"வீட்டுலயும் அப்படித்தான்ணே. ஒரு நாளாவது ஒரு விளக்கை அணைச்சிருப்பாரா? கடைசியில என்னையும் புள்ளையையும் ஒரு விளக்குக்கு விட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாரு பாரு."

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. புருஷன் படத்தை அலமாரியில் குப்புற வைத்துப் பூட்டினாள். படகிலிருந்து கழற்றிக் கொடுத்த செட்டை அண்ணனிடம் அனுப்பிவிட்டாள். ஃபியூஸுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் தங்கை உறவு அறுந்துவிடும். சொல்லாவிட்டால் செத்தவன் கெட்ட பெயரோடு கிடப்பான். போவான், தங்கை வீட்டு வாசல்வரை போவான், செருப்பைக் கழற்றுவான், மறுபடி மாட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

செட் அவன் கடை அலமாரியில், மற்ற செத்த செட்டுகளோடு கிடந்தது. ஒரு வயரும் மாட்டவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அலமாரிப் பலகை ஈரமாக இருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தான். மழை பெய்து ஒரு மாதம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

செவ்வாய்க்கிழமை செட்டின் நீல எண்கள் எரிந்தன. 2:17. உள்ளே கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பக்கத்திலேயே நின்று பார்த்தான். 2:18. 2:19. ஒழுங்காக ஓடியது. 2:27 வந்ததும் அணைந்தது.

புதன்கிழமையும் அப்படியே. கூடவே ஒரு சத்தம்.

டிக்...

டிக்...

வியாழக்கிழமை செட்டைச் சாக்கில் சுற்றிக் கடைக்குப் பின்னால் உடைசல் குவியலில் புதைத்துவிட்டு வந்தான். அன்று ஒரு டாக்ஸிக்கு ஸ்பீக்கர் மாட்டும் வேலை. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்திருந்தான். காருக்குள் அவன் மட்டும்.

மணி 2:17.

டாக்ஸியின் செட்டில் நீல எண்கள் எரிந்தன.

பேட்டரி வெளியே, தரையில் இருந்தது. கண்ணால் பார்த்தான்.

முன் ஸ்பீக்கரில்... டிக்.

பின் ஸ்பீக்கரில்... டிக்.

கதவைத் திறக்கப் பார்த்தான். கை வரவில்லை.

2:25.

காலடி மிதியடி ஈரமானது.

2:26.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. ஜில்லென்று.

2:27.

டிக் நின்றது.

நாலு ஸ்பீக்கரிலும் ஒரே குரல். அலுத்துக்கொள்ளவில்லை. கோபமும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரல்.

"மச்சான்... பத்து நிமிஷம் ஆச்சு."

கதவு திறந்துகொண்டது.

அவன் ஓடியதை நானே பார்த்தேன். காலில் செருப்பில்லை. பேன்ட் முழங்கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நாலு தெரு தாண்டித் தங்கை வீட்டுக்குள் போய் விழுந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கு இல்லம்மா. நான்தான். நான் குடுத்த வயரு. அவரு போன் பண்ணாரு. பத்து நிமிஷம் இருன்னு சொன்னேன். கிண்டல் வேற பண்ணேன்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் மடித்தாள்.

"எந்திரிச்சுப் போண்ணே."

"அம்மாடி..."

"நாலு மாசமா அந்த மனுஷனைத் திட்டிட்டு இருக்கேன். சோறு வைக்கும்போது திட்டுவேன், விளக்கை அணைக்கும்போது திட்டுவேன். நீ கேட்டுட்டுதானே உக்காந்திருந்த? போ."

அன்றே அலமாரியைத் திறந்து படத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். முதல் நாள் போல விடிய விடிய அழுதாள். அண்ணனோடு இன்றுவரை பேச்சில்லை. தெருவில் எதிரே வந்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறாள். ஃபியூஸ் கார் செட் தொழிலையே விட்டுவிட்டான். இப்போது ஹாரன் மட்டும் ரிப்பேர் பார்க்கிறான். 2:17க்கு எந்தச் சத்தமும் கிடையாது. தண்டனை வாங்கியாயிற்று, கணக்கு தீர்ந்தது என்று நிம்மதியாகத்தான் இருக்கிறான்.

நான்தான் நிம்மதியாக இல்லை. போன மாதம், அந்தப் படகின் என்ஜினைப் பிரித்த மெக்கானிக் சீட் தைக்க என் கடைக்கு வந்தான். அவன் சொன்னதை நான் இன்னும் ஃபியூஸிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தால் நாக்கில் உப்புக் கரிக்கிறது.

படகின் பெரிய பேட்டரியில் செட்டின் வயரே இல்லை. மாப்பிள்ளை அதைப் பிடுங்கிவிட்டு, பலகைக்கு அடியில் ஒரு பழைய பைக் பேட்டரியை வைத்து அதில் மாட்டியிருந்தான். அப்படியானால் என்ஜின் பேட்டரியை இறக்கியது பாட்டு இல்லை; அன்றைக்குப் போனில் 'நான் என்ன சொல்றேன்னா மச்சான்' என்று அவன் சொல்ல வந்தது இதைத்தானோ என்னவோ.