மூன்றாம் பக்கத்துக் கையெழுத்து

அந்த நகலகத்தில் அவளுக்கு ‘ரயில் அக்கா’ என்று பெயர். விரல்களுக்கு அவ்வளவு வேகம். பதினெட்டு வருஷம் தட்டச்சு இயந்திரத்தில் ஓடிய கை. வரி முடியப்போகிறது என்று மணி அடித்தால் நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குப் போய்ப் பழகியது. கணினி வந்தபோது மணிதான் போனது, பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஓர் என்டர். கையெழுத்தைப் பக்கத்தின் அடிக்கு இறக்க வேண்டுமா, படபடவென்று எட்டுப் பத்து என்டர். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். அப்புறம் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

அதில் வந்து மாட்டியது ஒரு நர்ஸின் விண்ணப்பம். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவின் ஊருக்கு மாறுதல் கேட்டு எழுத வந்திருந்தாள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அக்கா கச்சிதமாக இரண்டே பக்கத்தில் அடித்து, நர்ஸின் கையெழுத்தை ஸ்கேன் செய்து அடியில் ஒட்டி, கோப்பைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கையெழுத்து இல்லாததால் நிராகரிப்பு.

“நான்தான் அன்னைக்கு இருந்த பதட்டத்துல கையெழுத்த குடுக்காமலே போயிட்டேன் போலக்கா. வீட்ல ஆளாளுக்குத் திட்றாங்க,” என்று நர்ஸ் வந்து அழுதாள்.

அவள் போனபின் அக்கா கோப்பைத் திறந்து பார்த்தாள். கையெழுத்து இருந்தது. குழம்பிப்போய், அடுத்த மேசையில் விளம்பர அட்டை வடிவமைக்கும் பெண்ணின் கணினியில் திறக்கச் சொன்னாள். அங்கே வேறு எழுத்துரு, கொஞ்சம் அகலம். ஒவ்வொரு வரியும் இடம் போதாமல் ஒரு சொல்லைக் கீழே தள்ளியது. அந்தச் சொல் அக்காவின் என்டரில் முட்டிக்கொண்டு தனி வரியாக நின்றது. கையெழுத்து மூன்றாம் பக்கத்தில் அநாதையாகக் கிடந்தது. அலுவலகத்தில் இரண்டு பக்கத்தோடு அச்சை நிறுத்தியிருப்பார்கள்.

“பத்தி முடியறப்ப மட்டும்தான்க்கா என்டர் அடிக்கணும். வரிய அதுவே மடிச்சுக்கும்,” என்ற அந்தப் பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். மறைந்திருந்த என்டர் குறிகள் எல்லாம் திரையில் தெரிந்தன. வரிக்கு ஒன்று, கையெழுத்துக்கு மேலே ஒரு பட்டாளம். அத்தனையும் தன் கை வேலை. அக்கா கூனிக் குறுகிப்போனாள்.

அன்றே பழக்கத்தை விட்டாள். பத்திகளுக்கு நடுவே இடைவெளியை அமைப்பில் கொடுக்கவும், புதுப் பக்கத்துக்குப் பக்க முறிப்புப் போடவும் கற்றுக்கொண்டாள். நர்ஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வதை மட்டும் தள்ளிப்போட்டாள். கடைக்குக் கெட்ட பேர் வரும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். ரயில் அக்காவுக்கு டைப் அடிக்கத் தெரியவில்லை என்று எப்படி வாய்விட்டுச் சொல்வது? நாலைந்து முறை போனை எடுத்தாள், வைத்தாள்.

எட்டு மாதம் கழித்து நர்ஸே வந்து நின்றாள்.

“ரெண்டாவது தடவ போட்ட விண்ணப்பத்துக்கு மாறுதல் வந்திருச்சுக்கா. இப்ப வேண்டாம்னு ஒரு கடிதம் அடிச்சுக் குடுங்க. அப்பா போயிட்டாரு.”

அக்காவின் விரல் ஓடவில்லை. நாற்காலியை நர்ஸின் பக்கம் திருப்பினாள்.

“கையெழுத்த நீ குடுத்தம்மா. நான் அடிச்ச லட்சணத்துல அது மூணாம் பக்கத்துக்குப் போயிருச்சு. நீ அழுதுட்டுப் போன அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்ல தைரியம் வரல. என்னை மன்னிச்சிரும்மா.”

நர்ஸ் வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வர மனசில்லாமதான் கையெழுத்துப் போடலன்னு அப்பா கடைசி வரைக்கும் நெனச்சாருக்கா,” என்றாள் நர்ஸ். “அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா, நான் அவர்கிட்ட சொல்லியிருப்பேன்.”